அவள் வாயசைத்த என் குரல்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று தாராவியில் எங்கள் சந்தில் இருப்பவர்களுக்கு என்னால் ஒழுங்காக விளக்க முடிந்ததே இல்லை. சினிமாவா என்பார்கள். இல்லை என்பேன். சீரியலா? இல்லை. அப்போ கல்யாண வீடுகளில் ஆடுவதா? அதுவும் செய்திருக்கிறேன், இப்போது இல்லை. நாடகம், ஆனால் பாட்டும் உண்டு, ஆட்டமும் உண்டு, பாடுகிறவளே ஆடுவாள், ஆடுகிறவளே பேசுவாள், எல்லாம் ஜனங்களின் கண் முன்னால் என்று மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பேன். "ஓ, கூத்தா?" என்று எதிர்வீட்டு அக்கா ஒரே வார்த்தையில் என் தொழிலை மடித்துப் பையில் போட்டுவிடுவாள். எனக்குச் சுள்ளென்று ஏறும். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் இந்த வேலையில் ஒரு விஷயம் மிகவும் பிடித்திருந்தது. முதல் ஒத்திகை முடிந்து வந்த அன்று நான் பீற்றிக்கொண்டேன்: "சினிமால எவளோ பாடுவா, எவளோ வாயசைப்பா. எங்களுக்கு அந்தக் கதையே கெடையாதும்மா. பாட்டு எங்க தொண்டையில இருந்துதான் வரணும்." அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாட்டுங்காவில் அவள் சமைக்கிற வீட்டு மாமியிடம் சொன்னாள். மீன் வாங்குகிற இடத்தில் சொன்னாள். கோயிலில் சொன்னாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களான எங்களுக்குச் சர்ச்சும் கோயில்தான். "எம் மவ வாயசைக்கிற சோலியெல்லாம் பாக்க மாட்டா" என்று அவள் சொல்லும்போது, வாயசைப்பது ஏதோ களவு போல இருக்கும்.

நான் இதற்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கணபதி விழாவில் எங்கள் பகுதிப் பையன்களின் ஆட்டக் குழுவுக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். கைகால் மடங்குகிற பெண் நான் ஒருத்திதான் இருந்தேன். அங்கிருந்து கல்யாண வீடுகள். செம்பூரிலும் பாந்திராவிலும், கல்யாணத்துக்கு முந்தி 'சங்கீத்' என்று வைக்கிற ஆட்டபாட்ட ராத்திரிக்காக, இடுப்பு என்று ஒன்று தங்களுக்கு இருப்பதையே மறந்துபோன பெரியப்பாக்களையும் சித்தப்பாக்களையும் வரிசையில் நிறுத்தி ஆடக் கற்றுக்கொடுப்பேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். தோல் பட்டறையில் வேலை. "ஆடுறதுக்குச் சம்பளம் குடுக்கானுவ, ஆட்டிவைக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கானுவ" என்று சிரிப்பார். நான் பெரிய மேடைக்குப் போவதற்கு முன்பே போய்விட்டார்.

அந்தேரியில் ஒரு ஒத்திகைக் கூடத்தில் இந்தி இசை நாடகம் ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். ஆடிக் காட்டினேன். சரி, இப்போது பாடு என்றார்கள். சட்டென்று வாயில் வந்தது கோயிலில் பாடுகிற தமிழ்ப் பாட்டு ஒன்றுதான். பாதி பாடியிருப்பேன், மூலையில் ஹார்மோனியத்தின் மேல் செல்போனை வைத்து நோண்டிக்கொண்டிருந்த இசைப் பொறுப்பாளர் தலையைத் தூக்கினார். இன்னும் மேலே போக முடியுமா என்று கையால் கேட்டார். போனேன். இன்னும்? போனேன். அந்த மனுஷன் செல்போனைக் கீழே வைத்தார். என் வாழ்க்கையில் ஒருத்தர் எனக்காகச் செல்போனைக் கீழே வைத்தது அன்றுதான்.

ஆனால் இந்தி பேசச் சொன்னதும் என் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. தாராவி இந்தியில் மதராசி வாடை அடிக்கிறது என்றார் இயக்குநர். மதராசி வாடை வேறு எப்படி அடிக்கும், நான் என்ன லக்னோவிலா பிறந்தேன்? அதனால் கோரஸில் போட்டார்கள். பின்வரிசையில் ஆடி, கூட்டத்தோடு பாடி, கடைக்காரி, பணிப்பெண், தெருவில் போகிறவள் என்று ஒரே ஆட்டத்தில் பல வேஷம் கட்டி, திரைக்குப் பின்னால் இருட்டில் ஓடி ஓடிப் புடவை மாற்றினேன். லோக்கல் ரயிலில் உச்சரிப்பை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். இப்படியே சில வருஷம். அப்புறம் நாயகிக்குக் 'கவர்' என்று என்னை வைத்தார்கள். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவள் இடத்தில் நான் ஏற வேண்டும். அவளுடைய எல்லாப் பாட்டும், எல்லா அடவும், எல்லா வசனமும் எனக்குத் தெரியும். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போகவே இல்லை. மழைக்காலத்தில் ஊரே இருமிக்கொண்டு கிடக்கும், அவள் மட்டும் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்து கணீரென்று பாடுவாள். ஒரு சின்ன ஜலதோஷத்துக்காக நான் கோயிலில் முட்டிபோட்டு ஜெபம்கூடச் செய்திருக்கிறேன்.

கடைசியில் ஜலதோஷம் செய்யாததை ஒரு வெப் சீரிஸ் செய்தது. அவள் நடிக்கப் போய்விட்டாள். எங்கள் நாடகத்தின் அடுத்த சீசனுக்கு நாயகி நான்தான் என்றார்கள். அம்மா சந்து முழுக்கப் பூந்தி கொடுத்தாள். எதிர்வீட்டு அக்காகூட, "கூத்துல பெரிய ஆளாயிட்டியாமே" என்று கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

ஒத்திகை ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் நான் கண்ணாடி முன்னால் அண்ணாந்து கழுத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏட்டி, கழுத்துல என்னது?"

"ஒண்ணும்லம்மா."

"ஒண்ணும்லயா? எச்சி முழுங்கு பாப்போம்."

முழுங்கினேன். கழுத்தில் ஒரு பக்கம் கோலிக்குண்டு மாதிரி ஒன்று மேலே ஏறி இறங்கியது. அம்மா சேலையை மாற்றிக்கொண்டு அப்போதே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாட்டுங்கா மாமிக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தைராய்டு கட்டி. விட்டுவைக்க முடியாத சாதி, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. நல்ல பெண். என் வயதுதான் இருக்கும். ஸ்கேன் படத்தில் தொட்டுக் காட்டி நிதானமாகச் சொன்னார். பேசுவதற்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறோம். ஆனால் குரலை மேலே இழுக்கிற நரம்பு ஒன்று இருக்கிறது, தலைமுடி மாதிரி மெல்லிசு, அது கட்டியோடு ஒட்டினாற்போல ஓடுகிறது. "பாடுகிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். தொழிலே அதுதான் என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அம்மாவுக்கு இந்தி அரைகுறை. "என்ன சொல்லுதாவ?" என்று என் முழங்கையைச் சுரண்டினாள். எடுத்துவிட்டால் சரியாகிவிடுமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆபரேஷனுக்கு முன்னால் இசைப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு, எல்லாப் பாட்டையும் பதிவு செய்து வைத்துவிடுவோம் என்றார். எங்கள் தொழிலில் அது புதிதும் இல்லை. உருண்டு புரண்டு ஆடுகிற இடங்களில் கோரஸ் பாட்டு பதிவில்தான் ஓடும், மேலே நாங்கள் கொஞ்சம் பாடி ஒப்பேற்றுவோம். அதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. ஆனால் நாயகியின் பாட்டுகளை மட்டும் அதுவரை யாரும் பதிவில் ஓட்டியதில்லை. அது எங்கள் கம்பெனியின் கௌரவம்.

ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. அதற்குள் நின்று பாடினேன். ஆடவேண்டியது இல்லை, மூச்சைச் சேமிக்க வேண்டியது இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அப்படி நான் அதற்கு முன்னால் பாடியதே கிடையாது. இரண்டாம் பாதியில் ஒரு தாலாட்டு உண்டு. அதன் கடைசி வரி படிப்படியாக ஏறி ஏறிப் போய் உச்சியில் நிற்கும். மேடையில் அந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சின்னப் பயம் உண்டு. அன்றைக்கு அந்தப் பயமே இல்லை. போய் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசைப் பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டி போயிற்று, தழும்புகூட அழகாகத்தான் கூடிவந்தது. குரல் முதலில் வெறும் காற்றாக வந்தது. பிறகு பேச்சு வந்தது, கொஞ்சம் மெலிசாக, சீக்கிரம் களைத்துப்போகிற பேச்சு. பாட்டுத்தான் வரவில்லை. கீழே இருக்கிற வரைக்கும் சரியாக இருக்கும். மேலே போகப் பார்த்தால் மாடிப்படியில் பாதியோடு படிகளை யாரோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போன மாதிரி. கால் வைத்தால் ஒன்றுமே இருக்காது, காற்றுதான். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு ஊதச் சொன்னார்கள். ஊதினேன். தினம் காலையில் புளுபுளுவென்று ஊதிக்கொண்டிருப்பேன், அடுத்த வீட்டுக் குழந்தை கதவில் வந்து நின்று கைகொட்டும். ஆறேழு மாதம் பார்க்கலாம், சில பேருக்குத் திரும்பும் என்றார்கள். எந்தச் சில பேருக்கு என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

"பரவால்லம்மா."

"நேத்துக்கு?"

"நேத்துக்குப் பரவால்ல."

இப்படி நாங்கள் ரெண்டு பேரும் பரவாயில்லை, பரவாயில்லை என்று ஒருத்தரையொருத்தர் தேற்றிக்கொண்டிருந்தோம். அவள் கோயிலில் எனக்காகப் பொருத்தனை வைத்திருந்தாள். குரல் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நான் சாட்சி சொல்லிப் பாட வேண்டும். அதை என்னிடம் கேட்காமலேயே வைத்துவிட்டாள்.

சீசன் தேதி நெருங்கியதும் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். டீ கொடுத்தார்கள். "உன் உடம்புதான் எங்களுக்கு முக்கியம்" என்றார் இயக்குநர். இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் வேலை போகப்போகிறது என்று அர்த்தம். பாட்டு பதிவில் இருக்கிறதே, நான் என் பாட்டுக்கே வாயசைத்து ஆடிவிடுகிறேனே என்று கேட்டேன். வாயசைப்பது களவு என்று வளர்ந்தவள் அதைக் கேட்டேன், கெஞ்சித்தான் கேட்டேன். பாட்டு சரி, வசனம்? அரங்கத்தின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டுமே, பக்கம் பக்கமாகப் பேச வேண்டுமே என்றார்கள். பேசிக் காட்டு என்றார்கள். பேசினேன். இரண்டாவது பக்கத்தில் குரல் நூலாகிவிட்டது. இசைப் பொறுப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள்மேல் தப்புச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

புதிய நாயகியாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒன்றிரண்டு விளம்பரங்களில் வந்த முகம். நன்றாகப் பேசுவாள், பார்வைக்கு லட்சணம், ஆட்டம் சுமார், பாட்டு சுத்தமாக வராது. பதிவு இருக்கும்போது பாட்டு எதற்கு? என் குரலுக்கு அவள் வாயசைப்பாள் என்று முடிவாயிற்று. பதிவு கம்பெனியுடையது. எனக்குக் கோரஸில் பழைய இடம் கொடுத்தார்கள், பின்வரிசை, இடது ஓரம். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். ரோஷம் இருந்தால் வந்திருப்பேன். வீட்டு வாடகை ரோஷத்தைப் பார்க்காது.

அந்தப் பெண்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஒத்திகையில் என்னிடம் வந்து, "தீதி, நீங்க எங்க மூச்சு எடுக்குறீங்கன்னு சொல்லித் தர்றீங்களா? என் தோள் தப்பான இடத்துல ஏறுது, வாயசைக்கிறது தெரிஞ்சுடும்" என்று இந்தியில் கேட்டாள். பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். இங்கே ஒரு சின்ன மூச்சு. இங்கே எடுக்காதே, அடக்கிக்கொள். தாலாட்டின் கடைசி வரிக்கு முன்னால் ஆழமாக, விலா விரிய எடு. அவள் கையை என் விலாவில் வைத்துப் பழகினாள். கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். நான் எப்படிப் பாடுவேன் என்பது அவள் உடம்பில் ஏறிவிட்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் பின்வரிசையில் நின்று கேட்பேன். என் குரல் முன்னால், நடுவில், வெளிச்சத்தில் இருந்து வரும். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நானும் கோரஸோடு சேர்ந்து அவளைப் பார்த்துக் கைதட்டுவேன், அது அடவிலேயே உண்டு.

இதில் எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. நாயகி நான்தான், இருக்கிற குரலை வைத்து ஒப்பேற்றுகிறேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். காலையில் எழுந்தால், "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அதைக் கேட்ட வாயிடம் எப்படிச் சொல்வது?

அம்மா அதுவரை என் நாடகத்தைப் பார்த்ததே இல்லை. அவ்வளவு தூரம், அவ்வளவு பெரிய இடம், ஏசி ஒத்துக்காது, இங்கிலீஷ்காரிகள் மாதிரி உடுத்தியிருப்பார்கள் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். மும்பையில் கடைசி ஆட்டம் வந்தபோது அவளே கேட்டாள். "இதோட முடிஞ்சு போயிரும்னு சொல்லுத. ஒருக்கா வந்து பாத்துருதேன்." அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தோடு சரி. அதற்குப் பிறகு கம்பெனி துபாய்க்குப் போகிறது, கோரஸில் பாதிப் பேரைக் கழித்துவிட்டார்கள், கழிந்ததில் நானும் உண்டு. ஆகவே எனக்கும் அதுதான் கடைசி ஆட்டம்.

நான் யோசித்தேன். வந்தால் தெரிந்துவிடும். தெரியட்டும். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்வாள், அதோடு இன்னொன்றையும் பார்ப்பாள். இரண்டாம் பாதியில் சந்தைக் காட்சியில் பின்வரிசையிலிருந்து நான் முன்னால் பாய்ந்து வந்து, சுழன்று, முட்டியில் விழுந்து எழுந்து, திரும்பப் போகிற ஒரு இடம் இருந்தது. சின்ன இடம்தான். ஆனால் அதை என்னைத் தவிர யாராலும் அந்த வேகத்தில் செய்ய முடியாது, அதனால்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். பாட்டு போனவளுக்கு மிச்சமிருந்தது அதுதான். அதை அம்மா ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. "ரெண்டாவது பாதியில நான் சுத்துற எடம் ஒண்ணு வரும், விட்டுறாதம்மா" என்று சொல்லிவைத்தேன். எங்கே நிற்பேன் என்று சொல்லவில்லை. பெற்றவளுக்கு என்னைத் தெரியாமலா போய்விடும்?

கோரஸ்காரர்களுக்குக் கொடுக்கிற பாஸ் மேல்மாடியில் கடைசி வரிசைக்கு. அங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது, எல்லோரும் ஒரே மாதிரிப் பின்னல், ஒரே மாதிரிப் பூ. மேடையிலிருந்து மேலே பார்த்தால் எங்களுக்குக் கறுப்புத்தான் தெரியும். அந்தக் கறுப்பைப் பார்த்து அன்றைக்கு ஆடினேன். சந்தைக் காட்சியில் பாய்ந்து வந்து சுழன்றபோது உடம்பு காற்றுப்போல இருந்தது. முட்டியில் விழுந்து எழுந்தபோது அடி பட்டதுகூடத் தெரியவில்லை. இனி எத்தனை நாள் ஆடினாலும் அப்படி ஒரு தடவை வராது என்று அப்போதே தெரிந்தது.

ஆட்டம் முடிந்து வேஷத்தைக் கலைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கூட்டத்துக்கு ஓரமாக, ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. சரி, பார்த்துவிட்டாள், தெரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். அவள் என் கழுத்துத் தழும்பைத் தடவி முத்தமிட்டாள்.

"கர்த்தர் கேட்டுட்டாருட்டி. கேட்டுட்டாரு."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது டாக்சியில் இருந்தோம்.

"வீட்டுல ஒரு வரி பாடச் சொன்னா மூஞ்சியத் தூக்குவ. எல்லாம் சரியாயி, எங்கிட்டச் சொல்லாம மேடையில வச்சுக் காட்டணும்னு இருந்திருக்க, என்ன? கள்ளி! அந்தத் தாலாட்டு இருக்கே, கடைசில மேல போயி நின்னியே, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. பக்கத்துல இருந்த அம்மாட்ட, அது எம் பிள்ளன்னு சொன்னேன். அந்த அம்மா எங்கையப் பிடிச்சுக்கிட்டா. நீ பேசும்போது மட்டும் கொரல் வேற மாதிரி இருந்துச்சு, நடிப்புக்கு மாத்திப் பேசுதன்னு விட்டுட்டேன். பாட்டுல மாத்த முடியுமா? வாயத் தொறந்ததும் தெரிஞ்சிட்டு, இதுதான் எம் பிள்ளன்னு."

"அம்மா..."

"நீ சுத்துனதையும் பாத்தேன். அந்தப் பச்சைப் பாவாடையில."

பச்சைப் பாவாடை நாயகியுடையது. சந்தைக் காட்சியில் நான் சுழல்கிற அதே நேரத்தில் நடுவில் அவளும் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வினாடியே சொல்லியிருந்தால் டாக்சியோடு போயிருக்கும். அவள் முன்னால் குனிந்து டாக்சிக்காரரின் தோளைத் தட்டி, "பையா, மேரி பேட்டி... பஹுத் அச்சா காயா" என்று, தன் பெண் ரொம்ப நன்றாகப் பாடினதை உடைந்த இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பெரிய வணக்கம் ஒன்று வைத்தார். அப்பா இறந்தபிறகு அம்மாவை நான் அப்படி ஒரு சந்தோஷத்தில் பார்த்ததில்லை. சயான் பாலத்து நெரிசலில் டாக்சி நின்றது. பாட்டைப்போலவே பேச்சும் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் போய் நான் முகம் கழுவி வருவதற்குள் சந்து பாதி உள்ளே வந்துவிட்டது. எங்கள் வீடு ஒரே அறை. எதிர்வீட்டு அக்கா, தையல்காரர் சம்சாரம், கோயிலில் அம்மாவோடு பாடுகிற ரெண்டு பேர், வாசலில் பிள்ளைகள். அம்மா பாயை விரித்திருந்தாள்.

"அந்தத் தாலாட்ட மட்டும் ஒருக்கா பாடுட்டி. இவிய எப்பம் வந்து அங்கன பாக்கப் போறாவ?"

"களைப்பா இருக்கும்மா. இன்னொரு நாளைக்கு..."

"ஒரே ஒருக்கா" என்றாள் எதிர்வீட்டு அக்கா. என்னைக் கேலி செய்தே பழகியவள், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா எழுந்துபோய், சத்தம் போடுகிறது என்று ஃபேனை நிறுத்தினாள். அந்தப் புழுக்கத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

பாடினேன். வேறு என்ன செய்ய முடியும்? கீழே இருக்கிற வரிகள் சுமாராக வந்தன. தையல்காரர் சம்சாரம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். கடைசி வரிக்கு முன்னால் விலா விரிய மூச்சை எடுத்தேன். ஒருவேளை என்று அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை. ஏறினேன். பாதிப் படியில் குரல் அற்று வெறும் காற்று வந்தது. திரும்ப முயன்றேன். திரும்பவும் காற்று. வாசலில் ஒரு பிள்ளை சிரித்தது, யாரோ அதன் தலையில் தட்டினார்கள்.

அம்மா ஃபேனைப் போட்டாள்.

"ரெண்டு நேரம் ஆட்டம்லா, தொண்ட கட்டிட்டு. நாந்தான் புத்தியில்லாம பாடச் சொல்லிட்டேன். போங்க, போங்க, பிள்ள தூங்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே எல்லோரையும் எழுப்பினாள். ஒவ்வொருவராக என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அக்கா தொடவில்லை, குனிந்துகொண்டே போனாள். அன்றைக்கு ஆட்டம் ஒரு நேரம்தான். அம்மாவுக்கு அது தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"அப்பம் அங்கன பாடினது யாரு?"

"நாந்தாம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி பதிவு பண்ணி வச்சது."

"அந்தப் பச்சைப் பாவாட?"

"அது வேற பொண்ணு. அவ வாயசைச்சா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அழுவாள், கர்த்தரிடம் நியாயம் கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"நீ ஆடவே இல்லையா?"

"ஆடினேம்மா. பின்னால, எடது பக்கம் ஓரமா. சந்தையில முன்னால பாஞ்சு வந்து சுத்தினேன்ல, அது நாந்தான்."

அம்மா சுவரைப் பார்த்தாள். அந்த மேடையைத் திரும்பவும் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. தேடினாள், ரொம்ப நேரம் தேடினாள். பிறகு என் முட்டியில் கன்றிப்போயிருந்த இடத்தில் கையை வைத்தாள்.

"நான் மொத்த நேரமும் அவளத்தானட்டி பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அந்தப் பக்கம் ஒருக்காகூடத் திரும்பலியே."